கருப்பு வண்டிக்குச் சுழி பார்த்த கதை

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. எங்க வீட்டுக்காரி இப்ப வந்துருவா. பொண்ணு பள்ளிக்கூடத்துல மீட்டிங்னு போயிருக்கா. நீங்க போன்ல பேசினது அவகிட்டத்தானுங்க? ஆமா, எல்லாரும் அவகிட்டத்தான் பேசறாங்க. போனு அவ கையில இருக்குதுங்க, அதனால.

உங்க காரைப் பார்த்தேன். கருப்பு. புது பெயிண்டு. அடிச்சு எத்தனை நாளாச்சு? ஒரு மாசமா? பாலிஷ் வேற எங்கயோ போட்டிருக்கீங்க. சொல்ல வேண்டாம், பார்த்தாலே தெரியுது. நிழல்ல நிறுத்தினா கண்ணாடி, வெயில்ல நிறுத்தினா வட்ட வட்டமா சிலந்தி வலை. அதாங்க. அதுக்கு இங்கிலீசுல என்னமோ பேர் சொல்றாங்க. இந்தக் கடையில அதுக்குப் பேர் சுழி. ஈரோட்டுல இப்ப எல்லாக் கடையிலயும் சுழின்னுதான் சொல்றாங்க. அந்தப் பேரே என்னாலதான் வந்துச்சு. பெருமைக்குச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

அவ வர்றதுக்குள்ள நானே வேலைய ஆரம்பிச்சிரட்டுங்களா? வேண்டாமா? சரி சரி, வேண்டாம். இருபத்திரண்டு வருசமா பாலிஷ் மெஷின் புடிச்ச கை சார் இது. குழந்தைவேலுன்னா பெருந்துறை ரோட்டுல யாரை வேணாலும் கேளுங்க. சும்மா உக்காந்திருக்கற நேரத்துக்குப் பொங்கியண்ணன் வண்டி கதையச் சொல்றேன். அதைக் கேட்டா உங்களுக்கு என்மேல ஒரு நம்பிக்கை வரும்.

பொங்கியண்ணன் மாட்டு வியாபாரி. கருங்கல்பாளையம் சந்தையில அவரைத் தெரியாத ஆளு இல்ல. மத்தவங்க மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பாங்க, மடியப் பார்ப்பாங்க. இவரு சுழியத்தான் பார்ப்பார். மாட்டு மேல மசிரு சுத்திக்கிட்டு வட்டமா நிக்குமில்லீங்க, அது. இன்ன இடத்துல இருந்தா நல்லது, இன்ன இடத்துல இருந்தா ஆகாதுன்னு ஒரு சாஸ்திரம். விக்க வந்தவன் மாட்டை நிறுத்தினா, இவரு சத்தமே போடாம ஒரு சுத்து வருவார். நின்னு, "அடடா, நல்ல மாடு. ஆனா…" அப்படின்னு நாக்கைச் சப்புக் கொட்டுவார். அவ்வளவுதான். அந்த "ஆனா"வுலயே விக்க வந்தவனுக்குப் பாதி உசுரு போயிரும். இவரு சொன்னதுக்குக் கயித்தைக் கொடுத்துட்டு ஊரு போய்ச் சேருவான். இப்படியே முப்பது வருசம்.

அவருகிட்ட ஒரு பழைய கருப்புக் காரு. எருமை உரசி ரெண்டு பக்கமும் கீறல். முழுசா மறுபடி பெயிண்டு அடிக்கணும்னு கொண்டாந்து விட்டார். பெயிண்டு அடிக்கறது எம்பட மச்சான் அர்த்தநாரி. எங்க வீட்டுக்காரி தெய்வானைக்கு அண்ணன். நல்ல வேலைக்காரன், ஆனா பயந்தாங்கொள்ளி. அடிச்சு முடிச்சுட்டு எங்கிட்டச் சொல்றான், "மாப்ள, மேலதான் காஞ்ச மாதிரி தெரியும். உள்ள இன்னும் இளசா இருக்குது. இருவது நாள் மெஷினை வெச்சுப்போடாதே."

"உனக்குப் பெயிண்டு அடிக்கத் தெரியும், பாலிஷைப் பத்தி எனக்குத் தெரியும்," அப்படின்னேன். அவன் வேலைய அவன் பார்க்கணும், எம்பட வேலைய நான் பார்க்கணும். சரிதானுங்க?

பொங்கியண்ணன் வேற ஒரே அவசரம். "ஏப்பா குழந்தைவேலு, எப்பக் கிடைக்கும்?" அப்படின்னார்.

"நாளைக்கேங்ணா."

"நாளைக்கேவா? எனக்கொண்ணும் அவசரமில்லப்பா. அடுத்த மாசம் ஆனாலும் சரி, நல்லாப் பண்ணு."

"இல்லீங்ணா. வியாழக்கிழமைச் சந்தைக்கு நீங்க இதுலதான் போறீங்க. கதவுல மூஞ்சி பார்த்து மீசைய ஒதுக்கலாம். அது எம்பட பொறுப்பு."

எப்படி அவசரப்படுத்தறார் பார்த்தீங்களா. இந்த மாதிரி ஆளுங்ககிட்ட நிதானமா எப்படிங்க வேலை செய்யறது?

புதன்கிழமை காலையில ஆரம்பிச்சேன். கம்பளி வட்டு மாட்டி, நல்ல முரட்டுக் காம்பவுண்டுப் பசை வெச்சு, மெஷினை முழு வேகத்துல விட்டேன். அந்தச் சத்தத்தைக் கேக்கணும் சார் நீங்க. ரோட்டுல போறவன் நின்னு பார்ப்பான். தெய்வானை டீ கொண்டாந்தவ நின்னு பார்த்தா. அவளுக்கு ஒரு பழக்கம், நின்னு பார்த்தா சும்மா போக மாட்டா.

"அந்த வட்டு இப்பத்தானே கீழ விழுந்துச்சு? மண்ணு ஒட்டியிருக்குமே."

"தட்டிட்டுத்தானே மாட்டினேன்."

"தொடைக்கறது என்ன துணி?"

"எம்பட பழைய லுங்கி. ஏன், நல்லாத்தானே இருக்குது?"

"லுங்கி நல்லாத்தான் இருக்குது," அப்படின்னுட்டு டம்ளரை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவளுக்கு அன்னைக்கு என்ன தெரியும், பில்லு எழுதத்தான் தெரியும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி தயார். கடைக்குள்ள டியூப் லைட்டுல பார்த்தா அப்படியே கிணத்துத் தண்ணி. பொங்கியண்ணன் கதவுல மூஞ்சியப் பார்த்தார், மீசைய ஒதுக்கினார். எம்பட தோளைத் தட்டினார். வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டார். எம்பட வேலை அங்க முடிஞ்சுதுங்க. சொல்லப்போனா கதையே அங்க முடிஞ்சிருக்கணும். அடுத்த நாள் வெயில் அடிச்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

சந்தையில நான் இல்ல. ஆனா முப்பது பேரு வந்து சொன்னாங்க, அதனால இருந்த மாதிரியேதான். இவரு போய் மாடுங்க கட்டற இடத்துக்குப் பக்கத்துலயே வண்டிய நிறுத்தியிருக்கார், எல்லாரும் பார்க்கணும்னு. பதினோரு மணி வெயிலு. நல்லசிவம்னு ஒரு வியாபாரி. போன வாரம்தான் அவனோட காளைக் கன்னுக்குச் சுழி சொல்லி இவரு விலைய இறக்கியிருக்கார். அந்த நல்லசிவம் வந்தான். சத்தமே போடாம வண்டிய ஒரு சுத்து சுத்தினான். பானட்டுக்கு முன்னால நின்னான்.

"அடடா, நல்ல வண்டி. ஆனா…"

நாக்கைச் சப்புக் கொட்டினானாம்.

அப்புறம் கேக்கணுமா? சந்தையே கூடிருச்சு. பானட்டுல கையளவு ஒண்ணு, கதவுல வரிசையா நாலு, டிக்கியில கணக்கே இல்ல. வெயில்ல ஒவ்வொண்ணும் தகதகன்னு சுத்துது. ஒருத்தன் பானட்டைத் தூக்கி, "பல்லு எத்தனை போட்டிருக்குதுன்னு பாரு"ங்கறான். இன்னொருத்தன் பின்னால போய் வாலு எங்கன்னு தேடறான். நல்லசிவம் தோள்துண்டை எடுத்து விரிச்சுப் புடிச்சுக்கிட்டு, "பொங்கியண்ணா, துண்டுக்குள்ள கைய விடுங்க, விலை பேசலாம்"ங்கறான். சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சுத்தான் விலை பேசுவாங்க, தெரியுமில்லீங்க? இவரும் பழக்கதோசத்துல கைய விட்டுட்டார். அவன் ஒத்தை விரலைப் புடிச்சானாம். அதுலயும் பாதி விரலை.

மத்தியானம் வண்டி இங்க வந்து நின்னுச்சு. நான் பார்த்தேன், மனுசன் சத்தம் போடுவார்னு. போடல. இறங்கினார். மாட்டைத் தடவற மாதிரி வண்டிமேல கைய வெச்சுக்கிட்டே நடந்தார். தெய்வானையும் வெளிய வந்து நின்னா.

"இங்க வா குழந்தைவேலு. இது என்ன தெரியுமா? இறங்குபூரான் சுழி. இது இருந்தா குடும்பம் கீழ போகும். இந்தா, இது விலங்குச் சுழி. ஜெயிலுக்குப் போகணும். இது பாடைச் சுழி, சொல்லவே வேண்டாம். இந்தக் கதவுல இருக்குது பாரு…" குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தார். "இது பெண்டிழந்தான் சுழி. பொண்டாட்டி தங்க மாட்டா."

தெய்வானை கேட்டா, "அது வண்டி வெச்சிருக்கறவருக்குங்களாண்ணா, இல்ல போட்டவருக்குங்களா?"

எனக்கு அன்னைக்குப் பொங்கியண்ணன் மேலகூடக் கோபம் இல்ல சார். அவ கேட்ட கேள்விதான்.

நான் எடுத்துச் சொன்னேன். "அண்ணா, இது பெயிண்டுல இல்லீங்க. இது வெயிலு. வெயில் கோணலா விழுந்தா இப்படித் தெரியும். பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் வெளிய எடுக்காதீங்க. புளிய மரத்தடியில நிறுத்துங்க." மனுசன் வானத்தைப் பார்த்தார். சரி, வாடிக்கையாளர் மனசு நோகக்கூடாதில்லீங்க? எங்க தொழில்ல ஒரு பசை இருக்குது. எண்ணெய் மாதிரி. தடவினா கோட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும், கோடு தெரியாது. அதை எடுத்து வண்டி முழுக்கத் தடவி ஒரு மணி நேரத்துல கொடுத்தேன். வெயில்ல நிறுத்திக் காட்டினேன். ஒரு சுழி இல்ல! மனுசனுக்கு வாயெல்லாம் பல்லு. இதை ஏமாத்துன்னு சொல்வீங்களா? கேட்டா தெய்வானை அப்படித்தான் சொல்லுவா. நான் மருந்துன்னு சொல்லுவேன்.

அடுத்த வியாழக்கிழமை இவரு வீராப்பா மறுபடியும் சந்தைக்குப் போனார். நல்லசிவத்தைக் கூப்பிட்டே காட்டினார். அவன் சுத்திச் சுத்திப் பார்த்தான், ஒண்ணும் கிடைக்கல. தலையச் சொறிஞ்சான். அப்பப் பார்த்து மழை புடிச்சுதுங்க. ஐப்பசி மழைக்கு நான் பொறுப்பா? அரை மணி நேரம் கொட்டிட்டு, நின்னு, பளிச்சுன்னு வெயில் வந்துச்சு. எண்ணெயெல்லாம் மழையோட போயிருச்சு. அத்தனை சுழியும் குளிச்சுட்டு வந்து நின்ன மாதிரி நிக்குது. நல்லசிவம் சொன்னானாம், "இதென்னங்ணா, மாட்டுக்குச் சாயம் பூசிக் கொண்டாந்துட்டீங்களா?" சந்தையில அதைவிடப் பெரிய வசவு கிடையாதுங்க. சாயம் பூசின மாட்டை விக்கறவனை யாரும் பக்கத்துல சேர்க்க மாட்டாங்க.

அன்னைக்கு வந்தவரு வண்டிய நிறுத்திட்டு, நேரா வந்து அந்த நாற்காலியில உக்காந்தார். அதேதான், கால் ஆடுதே, அது. அவரு உக்காந்துதான் ஆடிப்போச்சு. "இது சரியாகற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்," அப்படின்னார். சாயங்காலமானா வீட்டுக்குப் போவார், காலையில எட்டு மணிக்கு வந்து உக்காந்துக்குவார். ஒரு நாளில்ல, ரெண்டு நாளில்ல, பதினாறு நாள். சும்மா உக்காந்தாலும் பரவால்லீங்க. உள்ள வர்ற ஒவ்வொரு ஆளையும் கூட்டிக்கிட்டுப் போய் வண்டியக் காட்டுவார். "இது இறங்குபூரான், இது விலங்கு, இது பாடை." முழு வகுப்பு. வந்தவங்க அப்படியே வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க. அந்தப் பதினாறு நாள்ல கடைக்கு வேலைன்னு வந்தது ஒரே ஒரு பஞ்சர் வண்டி. அதுவும் வழி கேக்க வந்தது.

அதுல எட்டாவது நாள் தெய்வானை கதவைச் சாத்திட்டு எங்கிட்டச் சொன்னா, "இனி இந்தக் கடை இருக்கணுமா வேண்டாமான்னு சொல்லுங்க."

"இருக்கணும்."

"அப்ப அந்த வண்டிய நான் பார்க்கறேன். நீங்க கைய வெக்கக் கூடாது."

"நீ என்ன பார்ப்ப? பில்லு எழுதறதா?"

"பத்து வருசமாப் பில்லு எழுதறப்பல்லாம் உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். என்னென்ன பண்ணக்கூடாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்," அப்படின்னா.

எங்கிட்டத்தான் கத்துக்கிட்டதா அவளே ஒத்துக்கிட்டா, பாருங்க.

நேராப் பொங்கியண்ணன்கிட்டப் போய் மோர் டம்ளரைக் கொடுத்து, "அண்ணா, பெயிண்டு காயறதுக்கு முன்னால மெஷின் வெச்சதுதான் தப்புங்க. எங்க அண்ணன் சொன்ன கணக்குல இன்னும் நாலு நாள் இருக்குது. உக்காந்திருங்க, பண்ணித் தர்றேன்," அப்படின்னா. ரெண்டு வாரமா எங்கிட்ட முறைச்சுக்கிட்டிருந்த மனுசன், "ஆகட்டும் அம்மிணி," அப்படின்னு மோரைக் குடிக்கறார்!

நாலு நாள் கழிச்சு ஆரம்பிச்சா. எப்படின்னு கேளுங்க. முதல்ல வண்டியக் கழுவினா. கழுவினா, கழுவினா, ஒரு மணி நேரம் கழுவினா. அப்புறம் ஸ்பிரிட்டைத் தொட்டு வண்டி முழுக்கத் தொடைச்சா. நான் பதறிப்போயிட்டேன். "ஏண்டி, மிச்சம் மீதி எண்ணெய் கொஞ்சம் மறைச்சுக்கிட்டிருக்குது, அதையும் எடுக்கறியே!"

"அதான் எடுக்கறேன். எல்லாத்தையும் பார்க்கணும்."

பார்த்தா, நான் போட்டதுல முன்னால தெரியாதது கூடத் தெரியுது. பொங்கியண்ணனே எண்ண முடியாம விட்டுட்டார்.

கம்பளி வட்டைக் கழட்டித் தூரப் போட்டா. மெத்துனு ஸ்பாஞ்சு வட்டு, மாவு மாதிரி நைசான பாலிஷ். வண்டி முழுக்க ஆரம்பிக்கல. டிக்கியில ஒரு ஓரமா, உள்ளங்கை அளவு இடம். அதை மட்டும் பண்ணினா. மெஷினை எவ்வளவு மெதுவா ஓட்டினான்னா, பக்கத்துல டீக்கடை ரேடியோ கேக்குது. நான் ஓட்டினா ரேடியோக்காரனே ஓடிருவான். அப்புறம் புதுத் துணியில லேசா ஒத்தி எடுத்துட்டு, மறுபடி ஸ்பிரிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பார்த்தா. ஒரு சுழி இருந்துச்சு. பாலிஷை மாத்தினா. மறுபடியும் உள்ளங்கை அளவு. அரை நாள் அந்த ஒரு இடத்துலயே போச்சு. அது சரியா வந்ததுக்கப்புறம்தான் பானட்டுல கைய வெச்சா. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். துணி கீழ விழுந்தா அதைத் தொடவே மாட்டா, வேற எடுப்பா.

இதுல எம்பட பங்கு என்னன்னு கேக்கறீங்க. டார்ச்சு புடிச்சது நான்தான். சாதாரண வேலையில்ல சார் அது. கோணம் ஒரு விரக்கடை மாறினாலும் தெரியாது. "இடது பக்கம்"பா, "கீழ"ம்பா, "ஆட்டாதீங்க"ம்பா. அஞ்சு நாள் புடிச்சேன்.

நாலாவது நாள், இடது கதவு. அந்தப் பெண்டிழந்தான் சுழி இருந்துச்சே, அந்தக் கதவு. அவ தொடைச்சுட்டு நகர்ந்தா. நான் டார்ச்சை அடிச்சேன். வெளிச்சம் ஒரே புள்ளியா நிக்குது சார். சுத்தி ஒரு கோடு இல்ல, ஒரு வளையம் இல்ல. கருப்புன்னா கருப்பு. அதுக்குள்ள எம்பட மூஞ்சி. இருபத்திரண்டு வருசத்துல எத்தனை கருப்பு வண்டி! ஒண்ணுலகூட எம்பட மூஞ்சிய அப்படிப் பார்த்ததில்ல. எப்பவும் வலைக்குப் பின்னால நிக்கற மாதிரிதான் இருக்கும். நான் கண்ணாடின்னாலே அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். டார்ச்சை நகர்த்தவே மறந்துட்டேன். அவகிட்டச் சொல்லல. அன்னைக்குக் காலையில சரியாச் சாப்பிடல, அதாயிருக்கும்.

முடிஞ்சதும் பொங்கியண்ணன் நாற்காலியிலிருந்து எந்திரிச்சார். உச்சி வெயில்ல வண்டியத் தள்ளச் சொல்லி, அரை மணி நேரம் சுத்தினார். கழுவிக் காட்டச் சொன்னார். மறுபடி சுத்தினார். தெய்வானையப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பக்கத்துலதான் நின்னேன், அதனால அது எனக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த சந்தைக்கு நானும் கூடப் போனேன். நல்லசிவம் வந்தான். மூணு சுத்து. குனிஞ்சு பார்த்தான், படுத்துப் பார்த்தான். அவனே ஒரு வாளி தண்ணி கொண்டாந்து ஊத்தியும் பார்த்தான். ஒண்ணும் இல்ல. கடைசியில எந்திரிச்சுத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "அண்ணா, சுழியே இல்லாம ஒரு உருப்படி உலகத்துல உண்டா? எங்கயோ மறைச்சு வெச்சிருக்கீங்க," அப்படின்னுட்டான்.

நான் சிரிச்சுப்போட்டேன். பொங்கியண்ணன் சிரிக்கல. மனுசனுக்கு அது உள்ள போய்க் குத்திருச்சு. வர்ற வழியெல்லாம் யோசனை. "அவன் சொல்றதும் சரிதான் குழந்தைவேலு. சுழி இல்லாத மாட்டை நானே வாங்க மாட்டேனே." நேரா இங்க வந்து தெய்வானைகிட்ட, "அம்மிணி, நல்ல சுழியா ஒண்ணே ஒண்ணு, வெளிய தெரியாத இடமாப் பார்த்துப் போட்டுக் கொடு," அப்படிங்கறார்.

அவ முடியாதுன்னுட்டா. "எனக்கு எடுக்கத்தான் தெரியும்ணா. போடறதுன்னா அதுக்கு எங்க வீட்டுக்காரர்தான் சரியான ஆளு."

கேட்டீங்களா? எத்தனை பொம்பளைங்க கட்டினவனைப் பத்தி வெளி ஆளுகிட்ட இப்படிப் பெருமையாச் சொல்லுவாங்க? நான் உடனே பெட்ரோல் மூடியத் தொறந்தேன். கம்பளி வட்டைத் தேடி எடுத்து, தட்டிட்டு, உள்பக்கமா ஒரே அழுத்து. ஒரு நிமிசம்கூட ஆகல. அழகா, முழு வட்டமா விழுந்துச்சு. பொங்கியண்ணன் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பார்த்துட்டு, "லட்சுமி சுழிப்பா இது!" அப்படின்னு எம்பட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டார்.

இப்பக்கூடப் பெட்ரோல் போடற இடத்துலயெல்லாம் மூடியத் தொறந்து காட்டுவாராம். "ஈரோட்டுல குழந்தைவேலு போட்டது, இந்த மாதிரி வேற எவனாலயும் போட முடியாது"ன்னு சொல்லுவாராம். அந்தியூர் வரைக்கும் எல்லாப் பங்க்லயும் எம்பட பேரு தெரியும். கருப்பு வண்டியெல்லாம் இப்ப இங்கதான் வருது. வர்றவங்க எல்லாரும் "அக்கா இருக்காங்களா"ன்னுதான் கேக்கறாங்க. மரியாதை சார். ஆம்பளை பேரைச் சொல்லிக் கேக்க ஒரு கூச்சம்.

அதோ, அவ ஸ்கூட்டர் வருது பாருங்க. வேலைய அவ பார்த்துக்கட்டும், நான் டார்ச்சு புடிக்கறேன். அதுக்கு முன்னால நம்ம கடை அடையாளமா, சும்மா ஒரே ஒரு… ஏனுங்க சார், எதுக்கு இவ்வளவு வேகமா எந்திரிச்சுப் போறீங்க? பெட்ரோல் மூடிமேல எதுக்கு ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு நிக்கறீங்க?